ஏறினது இறங்கணுமே: மினி டிராக்டருக்கு எத்தனை அடி டிரெய்லர்?

"20 எச்.பி. வண்டிங்க, ரெண்டரை டன் அலுங்காம இழுக்கும்." மினி டிராக்டர் வாங்கப்போறவங்க யாரைக் கேட்டாலும் இந்த வரி வந்து விழுந்துடுது. அதை நம்பி நேரா பட்டறைக்குப் போயி, பத்துக்கு ஆறு அடி டிரெய்லர், ரெண்டு அடி உசரப் பக்கப்பலகைன்னு ஆர்டர் குடுத்துடறாங்க. இதைப் பாக்கப் பாக்க எனக்கு ஆத்தாமையா இருக்கு. அந்தப் பேச்சு பொய் கிடையாதுங்க, இழுக்கத்தான் செய்யும். ஆனா டிரெய்லர் அளவை முடிவு பண்றதுக்குக் கேக்கவேண்டிய கேள்வி அது இல்ல. அவ்வளவு பாரத்தை இறக்கத்துல பிடிச்சு நிறுத்துமான்னு கேக்கணும். தர்மபுரி மாவட்டத்துல இந்தக் கேள்விக்கு அவசியம் ரொம்ப ஜாஸ்தி. ஒரு பக்கம் வத்தல்மலை, ஒரு பக்கம் சித்தேரி, பென்னாகரம் தாண்டினா ஒகேனக்கல் இறக்கம், சேலம் போற வழியில தொப்பூர் கணவாய். மலைக்கே போகலைன்னாலும் ஏரிக்கரை ஏறி இறங்கணும், ஓடை தாண்டணும், மேட்டு நிலத்துல இருந்து ரோட்டுக்கு வரணும். சமதரையிலயே பொழப்பு முடிஞ்சுபோற விவசாயி நம்ம பக்கம் எத்தனை பேரு இருக்காங்க?

முதல்ல வண்டியோட எடையைப் பாப்போம். பக்கத்து ஓசூர்ல செய்யற வி.எஸ்.டி.யோட 180 மாடல் சுமார் 645 கிலோ. மஹிந்திரா யுவராஜ் 215 சுமார் 780, ஸ்வராஜ் 717 சுமார் 850. அதாவது 15ல இருந்து 25 எச்.பி. வரைக்கும் இருக்கிற சின்ன வண்டிகள்ல நிறைய மாடல் ஒரு டன்னுக்குள்ளதான் நிக்குது. நம்ம ஊர்ல காலங்காலமா ஓடற 40, 45 எச்.பி. பெரிய டிராக்டர் ரெண்டு டன்னை ஒட்டி வரும். பட்டறைக்காரர் கையில இருக்கிற அளவெல்லாம் அந்தப் பெரிய வண்டிக்குப் பழகின அளவு. அதுல கொஞ்சம் குறைச்சு மினிக்குன்னு செஞ்சு குடுக்கறாரு. எச்.பி. குறைஞ்சதை எல்லாரும் கவனிக்கிறாங்க. எடை பாதிக்கும் கீழ போனதைக் கணக்குல எடுக்கறவங்க கம்மி. இழுக்கிறதா இருந்தாலும் சரி, நிறுத்தறதா இருந்தாலும் சரி, கடைசியில வேலை செய்யறது பின்னாடி இருக்கிற ரெண்டு டயருக்கும் மண்ணுக்கும் நடுவுல இருக்கிற பிடிப்பு. அந்தப் பிடிப்பு டயர் மேல அழுத்தற எடையில இருந்துதான் வரும். இஞ்சின் எவ்வளவு பெருசா இருந்தாலும் அதை உண்டுபண்ண முடியாது.

ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம். டிராக்டர் 800 கிலோ. டிரெய்லரும் லோடும் சேத்து 2500. மொத்தம் 3300 கிலோ. பத்து மீட்டர் போனா ஒரு மீட்டர் உசர்ற ஏத்தம்னு வெச்சுக்கங்க. சரிவுக்கு மட்டும் 330 கிலோ இழுவிசை வேணும். தார் ரோட்டுல சக்கரம் உருள்றதுக்கு இன்னொரு 66. ஆக, 400 கிலோ கிட்ட. மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்துல இதை இழுக்க 11 எச்.பி. கூட முழுசா வேண்டாம். பாருங்க, இஞ்சினுக்கு இது பெரிய வேலையே இல்ல! அடுத்து பிடிப்பு. டிராக்டர் எடையில அறுபது சதவீதம் பின் சக்கரத்து மேல, அதாவது 480. ரெண்டு சக்கர டிரெய்லர் கொக்கி மேல ஒரு 300 கிலோவை அழுத்துதுன்னா 780. காஞ்ச தார் ரோட்டுல அதுல சுமாரா 70 சதவீதம் பிடிப்பா கிடைக்கும், 546 கிலோ. தேவை 400, கையில இருக்கிறது 546. ஏறிடும். ஓட்டறவருக்கும் நம்பிக்கை வந்துடும். "பாத்தியா, எவ்வளவு அழகா ஏறுது"ன்னு அன்னைக்கே ஊரு முழுக்கப் பேச்சாயிடும்.

இப்ப அதே வண்டி, அதே லோடு, அதே ரோடு. இறங்குது. சரிவு பின்னாடி இருந்து தள்ற விசை 330, உருள்ற தடை 66 போனா மீதி 264 கிலோ. வேகம் கூடாம பிடிச்சு வெச்சுக்கறதுக்கே இந்த 264 போயிடும். பிடிப்புல மிச்சம் 282 கிலோ, அதை வெச்சுத்தான் 3300 கிலோவை நிறுத்தணும். மணிக்கு 25 கிலோமீட்டர்ல வந்தா, பிரேக்கை அழுத்தின இடத்துல இருந்து நிக்கறதுக்கு 29 மீட்டர் ஓடும். (கண்ணு பாத்து, காலு பிரேக்குக்குப் போற நேரம் இதுல சேரலை.) இதுவே மழை பேஞ்ச ரோடுன்னா பிடிப்பு 40 சதவீதத்துக்கு இறங்கிடும். 780ல 312. அதுல 264 போக மிச்சம் 48 கிலோ. வண்டி நிக்க 160 மீட்டருக்கும் மேல ஆகும். நிக்காதுன்னே சொல்லிடலாம். இதுவும் தாராளமாப் போட்ட கணக்கு. இறக்கத்துல டிராக்டரோட சொந்த எடை முன் சக்கரத்துப் பக்கம் சாஞ்சுடும், பின் டயரோட பிடிப்பு இன்னும் குறையும்.

லோடைக் குறைச்சுப் பாருங்க. டிரெய்லரும் லோடும் சேத்து 1200 கிலோ, கொக்கி மேல 200. மொத்த எடை 2000, காஞ்ச ரோட்டுல பிடிப்பு 476. சரிவு தள்றது 160 தான். மிச்சம் 316 கிலோ, நிறுத்தவேண்டிய எடையோ 2000. அதே 25 கிலோமீட்டர் வேகத்துல 16 மீட்டருக்குள்ள நின்னுடும். ஈர ரோட்டுல 45 மீட்டர் கிட்ட ஆகும். அதுவும் கஷ்டம்தான், ஆனா மெதுவா வந்தா கையில இருக்கும். இந்த 1200ங்கிறது நானா புடிச்ச நம்பர் கிடையாதுங்க. பிரேக் இல்லாத டிரெய்லரோ கருவியோ இழுத்தா, முழு லோடோட அதோட எடை டிராக்டர் எடையில ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது, வேகம் 32 கிலோமீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு பெரிய கம்பெனிகளோட டிராக்டர் கையேடுகள்லயே போட்டிருக்கும். 800 கிலோ வண்டிக்கு ஒன்றரை மடங்கு, 1200. நம்ம ஊரு பட்டறைகள்ல செய்யற சின்ன டிரெய்லர்ல பெரும்பாலும் பிரேக்கே கிடையாதுங்கிறதை இதோட சேத்துப் பாருங்க.

மலைக் கிராமத்துக்காரங்க இன்னொரு விஷயம் யோசிக்கணும். வத்தல்மலை மாதிரி இடத்துல விளைச்சல் மேல இருக்கு, சந்தை கீழ இருக்கு. டிரெய்லர் காலியா ஏறுது, நிறைஞ்சு இறங்குது. கீழ இருந்து லோடு ஏத்திட்டுப் போறவருக்கு ஏத்தமே ஒரு சோதனை. பாரம் அதிகமானா டயர் சுத்தும், இல்ல முன் சக்கரம் தூக்கும், அங்கயே ரெண்டு மூட்டையை இறக்கிடுவாரு. மேல இருந்து வர்றவருக்கு அந்தச் சோதனையே நடக்கறதில்ல. எவ்வளவு ஏத்தினாலும் வண்டி நகரும், சரிவே இழுத்துட்டுப் போகும். தப்பு தெரியற நேரத்துல முன்னாடி கொண்டை ஊசி வளைவு நிக்கும். பின் டயர் பிரேக்குல லாக் ஆகி வழுக்கிச்சுன்னா, டிரெய்லர் டிராக்டரோட பின்பக்கத்தை ஒரு ஓரமாத் தள்ளி மடிச்சுடும். பாரமான வண்டியும் இறக்கமும் சேந்தா என்ன ஆகும்னு நம்ம மாவட்டத்துக்குத் தெரியாததில்ல. தொப்பூர்ல 2020 டிசம்பர் 12ஆம் தேதி சிமென்ட் லாரி ஒண்ணு வரிசையா நின்ன வண்டிகள் மேல ஏறி 4 பேர் செத்தாங்க. எல்லாச் சக்கரத்துலயும் ஏர் பிரேக் இருக்கிற லாரிக்கே அந்த நிலைமை. ரெண்டு சக்கரத்துல மட்டும் பிரேக் இருக்கிற மினி டிராக்டருக்குப் பின்னாடி, பிரேக்கே இல்லாத ரெண்டரை டன்னைக் கட்டி விடறதை எப்படிச் சரின்னு சொல்ல முடியும்?

"சின்ன கியர்ல இறங்கினா இஞ்சினே பிடிச்சுக்கும்"னு அனுபவப்பட்ட டிரைவருங்க சொல்வாங்க. இதுல நிஜம் இருக்கு, மறுக்கலை. காஞ்ச ரோட்டுல, மணிக்கு 8 கிலோமீட்டர்ல வந்தா அந்த 3300 கிலோ கூட மூணு மீட்டர்ல நின்னுடும். நியூட்ரல்ல விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவரை விட இவர் ஆயிரம் மடங்கு மேல். ஆனா இஞ்சின் பிடிக்கிறதும் கால் பிரேக் பிடிக்கிறதும் அதே ரெண்டு பின் டயர் வழியாத்தான். டயருக்குப் பிடிப்பு போச்சுன்னா ரெண்டும் ஒண்ணாப் போகும். ஜல்லி சிதறின வளைவுல பிடிப்பு 30 சதவீதம்னு வைங்க, 780ல 234 கிலோ. தள்றது 264. முதல் கியர்லயே இருந்தாலும் சக்கரம் வழுக்கிட்டே கீழ போகும். ஃபோர் வீல் டிரைவ் மினி வெச்சிருக்கிறவங்களுக்கு இங்க ஒரு வசதி உண்டு. இறங்கும்போது ஃபோர் வீலைப் போட்டுட்டா, முன் சக்கரமும் கியர் வழியா பின் சக்கரத்தோட கட்டுப்பட்டு பிரேக் மாதிரி பிடிக்கும். சேத்துல மாட்டினாத்தான் அந்த லீவரைத் தொடணும்னு நினைக்காதீங்க, செங்குத்தான இறக்கத்துலயும் அது வேணும்.

அப்ப என்ன அளவு செய்யறது? 650ல இருந்து 900 கிலோ வரைக்கும் இருக்கிற மினிக்கு, ஏத்த இறக்கம் இருக்கிற ஊருன்னா, ஏழுக்கு நாலு அடி, பக்கப்பலகை ஒண்ணேகால் அடி, ரெண்டு சக்கரம். என் முடிவு இதுதான். பெருக்கிப் பாருங்க, 35 கன அடி வரும். ஏறக்குறைய ஒரு கன மீட்டர். எருக்குப்பை ஈரத்தைப் பொறுத்து கன மீட்டருக்கு 600ல இருந்து 900 கிலோ. காலி டிரெய்லர் 350, 400 கிலோன்னு வெச்சா, தலைதட்டி நிரப்பினாலும் 1200க்குப் பக்கத்துலயே நிக்குது. தக்காளிக்கும் இது பொருந்தி வருது. பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போற 25 கிலோ கிரேட்டு அடுக்குக்கு 10 வெச்சு, மூணு அடுக்கு கட்டினா 750 கிலோ. ரொம்பச் சின்ன வண்டி, 650 கிலோதான்னா இதுலயும் கொஞ்சம் குறைச்சு ஏத்துங்க. பெட்டியை நிரப்பாம விடறது மனுஷனுக்கு முடியாத காரியம். காலி இடம் கண்ணுல பட்டா இன்னும் நாலு கூடை போடத்தான் தோணும். கூலியாளு நிக்கறாங்க, வெயில் ஏறுது, இன்னொரு நடை வேண்டாம்னு இருக்கும். அதனால கட்டுப்பாட்டை மனசுல வைக்காம இரும்புலயே வெச்சுடணும். பத்துக்கு ஆறு, ரெண்டு அடி பலகைன்னா 120 கன அடி, எருவே ரெண்டு, மூணு டன் பிடிக்கும்.

சின்னப் பெட்டியும் எல்லாத்துக்கும் காவல் இல்ல. மணலும் கல்லும் இதுக்கு அடங்காது. அந்த ஒரு கன மீட்டர்ல மணலை நிரப்பினா 1600 கிலோ, காலி எடையோட ரெண்டு டன். அதனால உள்பக்கம் பாதி உசரத்துல பெயிண்டால ஒரு கோடு போட்டு வைங்க, மணலும் ஜல்லியும் அந்தக் கோடு வரைக்கும்தான். வேலிக்கு நடற கல்லுக்கால் இன்னும் மோசம். ஏழு அடி நீளம், ஆறு அங்குலத்துக்கு நாலு அங்குலம்னா ஒண்ணே 90 கிலோ கிட்ட வரும். இருபது கால் அடுக்கினா டிரெய்லர்ல மூணுல ஒரு பங்கு காலியாத் தெரியும், எடை 1800. எட்டுக் காலுக்கு மேல ஏத்தாதீங்க. செங்கலும் அப்படித்தான், எண்ணித்தான் ஏத்தணும். மாஞ்செடிக்குக் கோடையில தண்ணி ஓட்டறவங்க ஆயிரம் லிட்டர் டேங்க் வைப்பாங்க. அது தண்ணி மட்டுமே ஒரு டன், டிரெய்லரைச் சேத்தா வரம்பைத் தாண்டிடுது. பாதி டேங்கா எடுத்துட்டுப் போனா தண்ணி அலம்பி, பிரேக் போடும்போது முன்னாடி வந்து இடிக்கும். 750 லிட்டர் டேங்கை முழுசா நிரப்பறதே நல்லது.

"ராகித்தாள், சோளத்தட்டு, கடலைக்கொடி ஏத்த இந்த ஏழு அடி எப்படிப் பத்தும்?" நியாயமான கேள்வி. இதுக்காகத்தான் பலர் பெரிய பெட்டிக்குப் போறாங்க. தீவனம் இடத்தை அடைக்கும், எடை வராது. அதுக்குப் பெட்டியை நீட்டவேண்டாம். நாலு மூலையிலயும் குழாய் வெச்சு, கழட்டி மாட்டற மாதிரி கம்பிச் சட்டம் செய்யச் சொல்லுங்க. தட்டு ஏத்தற நாளைக்கு மாட்டிக்கலாம், எரு அடிக்கிற நாளைக்குக் கழட்டி மூலையில வெச்சுடலாம். இரும்புப் பலகையா உசத்தாம சட்டமா இருக்கிறதால அதுக்குள்ள மண்ணோ கல்லோ நிரப்ப யாருக்கும் தோணாது. உசரம் மட்டும் அளவோட கட்டுங்க. வரப்பு ஏறும்போது சாயறது உசரமான லோடுதான்.

நடைச் செலவைப் பத்தின எதிர்ப்பு இதைவிட பலமானது. சின்ன டிரெய்லர்ல ஒரு தடவைக்கு 800 கிலோ, பெருசுல ரெண்டு டன். காலியா திரும்பற நடையையும் சேத்து, ஒரு டன் சரக்குக்கு எவ்வளவு எடையை உருட்டறோம்னு பாத்தா, சின்னதுல ஒண்ணே முக்கால் மடங்கு ஆகுது. டீசலும் ஏறக்குறைய அந்த விகிதத்துல கூடும், ஆள் நேரமும் கூடும். இதை மூடி மறைக்க வேண்டியதில்ல. ஆனா இந்தச் செலவு பெருசா உறைக்கிறது, டிராக்டரை சந்தை வரைக்கும் ஓட்டினாத்தான். மினி டிராக்டர் டிரெய்லரோட இடம் காட்டுல இருந்து களம் வரைக்கும், களத்துல இருந்து ரோட்டோரம் வரைக்கும். அந்த அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டருக்குள்ள ரெண்டு நடை கூடினா நஷ்டம் கொஞ்சம்தான். ரோட்டோரத்துல இருந்து பாலக்கோட்டுக்கோ அரூருக்கோ போறதுக்கு குட்டி யானையும் பிக்கப்பும் வாடகைக்குக் கிடைக்குது. நாலு சக்கரத்துலயும் பிரேக், இண்டிகேட்டர், வேகம் எல்லாம் அதுல உண்டு. பக்கத்து ரெண்டு காட்டுக்காரங்க சேந்து ஒரு பிக்கப்பை எடுத்தா, பத்து கிலோமீட்டர் டிராக்டர்ல உருட்டறதை விட மலிவாவே முடியலாம். வாடகையை விசாரிச்சுட்டு, நீங்களே கூட்டிப் பாருங்க.

"வாடகைக்கு லோடு அடிச்சா டிராக்டர் டியூவையே கட்டிடலாமே, அதுக்குப் பெருசு வேணும்ல?" வாடகைக்கு வர்ற லோடு எதுன்னு பாத்தா கல்லு, மணலு, செங்கல். எல்லாமே வரம்பு தாண்டற சாமான். டிரெய்லருக்குத் தனியா பதிவு வேணும், இன்சூரன்ஸ் வேணும். விவசாய உபயோகம்னு பதிஞ்ச வண்டியில கூலிக்கு லோடு அடிச்சு விபத்து ஆச்சுன்னா, கம்பெனி கைவிரிக்க அதுவே காரணமாயிடும். நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆளுங்களை டிரெய்லர்ல ஏத்திட்டுப் போறதும் இதுல சேரும். அவங்களுக்கு அதுல எந்தப் பாதுகாப்பும் கிடையாது, காகிதத்துலயும் கிடையாது. பெட்டி பெருசா இருந்தா இருபது பேர் ஏறுவாங்க. கடன் அடையறதுக்காக எடுக்கிற ரிஸ்க்கை யாரோ ஒரு கூலிக்கார அம்மா தலையில வைக்கக்கூடாதுங்க.

பெரிய டிரெய்லர் வேணும்ங்கிறவங்களுக்கு நேர்மையான வழி ஒண்ணு இருக்கு, டிரெய்லருக்கே பிரேக். டிரெய்லர் முன்னாடி தள்ளும்போது, டிராபார்ல இருக்கிற ஒரு துண்டு உள்ள நழுவி, அந்தத் தள்ளலே பிரேக்கை அழுத்தற மாதிரி செய்யறது ஒரு வகை. (ரிவர்ஸ் எடுக்கும்போதும் அது பிடிச்சுக்கும்ங்கிறதால அதைத் தடுக்க ஒரு பூட்டு வைக்கணும்.) டிராக்டர் பிரேக்கோட ஹைட்ராலிக் குழாய் இணைக்கிறது இன்னொரு வகை. அப்படிச் செஞ்சா லோடோட எடையே டிரெய்லர் சக்கரத்துல பிடிப்பாயிடும், என் கணக்கு முழுக்க மாறிடும். கையேடுகளும் பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒன்றரை மடங்கை விட அதிகமா அனுமதிக்குது. செலவு கூடும்தான். பத்துக்கு ஆறு அடிக்கு இரும்பு வாங்கக் காசு இருக்குன்னா, அதை எட்டுக்கு நாலா குறைச்சுட்டு மிச்சத்தை பிரேக்குல போடுங்கன்னுதான் சொல்லுவேன்.

பட்டறையில ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி டிராக்டரை எடை மேடையில ஏத்தி ஒரு சீட்டு வாங்கிடுங்க, டிரெய்லர் செஞ்சு முடிஞ்சதும் காலியா அதுக்கும் ஒண்ணு. கொக்கியோட உசரத்தை உங்க வண்டியில அளந்து குடுங்க, பெரிய டிராக்டர் உசரத்துக்குச் செஞ்சா பெட்டி முன்னாடி சாஞ்சு நிக்கும். அச்சு பெட்டிக்கு நட்டநடுவுல வரக்கூடாது, கொஞ்சம் பின்னாடி தள்ளி இருக்கணும். அப்பத்தான் லோடுல ஆறுல ஒரு பங்கு கொக்கி மேல அழுத்தும், பின் டயருக்குப் பிடிப்பு கிடைக்கும். ரொம்பப் பின்னாடி போனா ஏத்தத்துல முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும், ஸ்டியரிங் கேக்காது. பின்பக்கம் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் விளக்கும் வைக்காம பட்டறையை விட்டு எடுக்காதீங்க. டிராக்டர்ல ரெண்டு பிரேக் பெடல் இருக்கே, உழவுக்குத் தனித்தனியா விட்டிருப்பீங்க. ரோட்டுக்கு ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டையும் சேத்துப் பூட்டற அந்தச் சின்ன இரும்புத் தாழ்ப்பாளைக் காலால தள்ளி, விழுந்துடுச்சான்னு குனிஞ்சு பாத்துக்குங்க. அது விழாம ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடிச்சா, 1200 கிலோவும் போதும் வண்டியைத் திருப்பிப் போட.